வழிமொழிய ஒருவர்

தலைநகரில் ஒவ்வொரு தெருவும் தன்னைத்தானே ஆளத் தொடங்கியபோது, பூவரச மரத் தெருவின் ஆட்சி எஸ்தரிடம் வந்து சேர்ந்தது. மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஞாயிறுதோறும் அவள் வீட்டுச் சுவரில் இருந்த, தெருமன்றத்தின் பேசும் பெட்டி கூட்டத்தைத் தொடங்கிவைக்கும்.

“தெருவிளக்கு எரிய வேண்டும். இருட்டினால் வாசலைத் தாண்ட முடியவில்லை” என்று இந்த வாரமும் எஸ்தர் முன்மொழிந்தாள்.

“வழிமொழிபவர் யார்?” என்றது பெட்டி.

தண்ணீர் கேனோடு முபாரக் உள்ளே வந்தான். “யாரோடக்கா சண்டை?”

“கவர்மெண்ட்டோட.”

“நீங்கதானேக்கா கவர்மெண்ட்டு!”

“சிரிக்காதப்பா. வழிமொழிகிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுபவனைப் போல “வழிமொழிகிறேன்” என்றான்.

“இவர் இத்தெருவாசி அல்லர். தீர்மானம் தள்ளிவைக்கப்படுகிறது” என்றது பெட்டி.

“எதிர்வீடு சும்மாத்தானே கெடக்கு. குடும்பத்தோட வந்துடேன்பா” என்றாள் எஸ்தர்.

“இந்த இருட்டுத் தெருவுக்கா? எம்பொண்டாட்டி வரமாட்டாக்கா.”

காலி கேனை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

“வேறு ஏதேனும் பேச வேண்டியது உண்டா?” என்று விதிப்படி பெட்டி கேட்டது.

எஸ்தர் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உண்டு” என்றாள்.