வாசனை இல்லையே

வாய்க்கால் உடைந்த மூன்றாம் நாள், தண்ணீருக்கு மேலே மிஞ்சியிருந்தது மேட்டிலுள்ள ஒரே எறும்புப் புற்றுதான். வாசலில் பேச்சியும் வடிவும் காவல் இருந்தார்கள். வருகிற எறும்பை மீசையால் தொட்டு மோந்து பார்ப்பார்கள். சொந்தப் புற்றின் வாசனை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

ஒரு பூவரச இலை மிதந்து வந்து மேட்டின் அடியில் தட்டியது. அதில் பக்கத்துப் புற்று எறும்புகள், ஆளுக்கொரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு.

"விட்டுருவோம் பேச்சி. முட்டையெல்லாம் நனையுது," என்றாள் வடிவு.

"போன மழைக்கு ரெண்டு பேரை விட்டோம். அவங்களோட பூசணமும் வந்து நம்ம முட்டையில பாதி போச்சு. மறந்துட்டியா?"

வடிவு மறக்கவில்லை. அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறிவிட்டது.

இலையைத் தள்ளிவிடப் பேச்சி கீழே இறங்கினாள். காலை வைத்ததுமே அலை அவளை இழுத்துக்கொண்டது. இலையிலிருந்த ஒருத்தி வாயைத் திறந்து அவளைக் கவ்வித் தூக்கினாள். தூக்கியவளின் முட்டை தண்ணீரோடு போயிற்று.

பேச்சி தட்டுத்தடுமாறி வாசலுக்கு ஏறினாள். வடிவு வழக்கம்போல மீசையை நீட்டி மோந்தாள். மறுபடியும் மோந்தாள். வாய்க்கால் தண்ணீர் வாசனை மட்டும்தான் வந்தது.

"நான்தாண்டி, பேச்சி."

வடிவு வாசலை விட்டு நகரவில்லை.

"வாசனை இல்லையே, பேச்சி."