அம்மாவின் வாடிக்கைக்காரி

அம்மா என்னைத் தட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னாள். வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கம்.

"ஆள் நிக்கிற கடைக்குத்தான் ஆள் வரும். நீ பாட்டுக்குச் சாப்பிடு. என்னைத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதே."

பபேடான் கடைவீதியில் அம்மா கடை போட்ட முதல் நாள் அது. கடை என்றால் ஒரு மூங்கில் மோடா, அதன்மேல் ஓர் அலுமினியத் தட்டு, தட்டு நிறைய சனுவின்மகின். ரவையைத் தேங்காய்ப்பாலில் கிளறி, கசகசா தூவி, அடியிலும் மேலேயும் கரி நெருப்பு வைத்துச் சுடுகிற பர்மாக்காரர்களின் கேக்.

விடிந்ததும் வந்துவிட்டோம். இன்னும் போணி ஆகவில்லை.

முதல் நாளே போணி ஆகாமல் தட்டு வீட்டுக்குத் திரும்பினால் அந்தத் தொழில் ஒட்டாது என்று அம்மா நம்பினாள். எதிர்ப் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ஒரு துண்டாவது விற்றாக வேண்டும் என்று கெடு வைத்திருந்தாள். இல்லையென்றால் நாளைக்கு மறுபடியும் நகருக்கு வெளியே ஷ்வேப்யிதா, மறுபடியும் தையல் ஆலை, பஞ்சுத் தூசி. அங்கே பிடித்த இருமல்தான் இன்னும் அவள் நெஞ்சில் கிடந்தது.

நானே வாங்குகிறேன் என்றேன். வீட்டுக் காசு போணி ஆகாது என்றுவிட்டாள்.

கூவி அழைக்கவும் என்னால் ஆகாது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது என் குரல் வரவில்லை. அடுத்த நாள் நானும் பள்ளிக்கூடம் போகவில்லை.

சாப்பிடுவது மட்டும் எனக்குக் கூச்சமில்லாமல் வரும்.

"இன்னொரு துண்டு வைக்கட்டா தங்கச்சி?" என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

பெற்ற தாய் தங்கச்சி என்று கூப்பிட்டதில் எனக்குச் சிரிப்பு முட்டியது. பக்கத்தில் கடல்பாசி இனிப்பு விற்கும் ரஹீமாக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மார்த்தா, உன் கஸ்டமரே தட்டைக் காலி பண்ணிடுவா போலிருக்கே. வேற யாருக்காச்சும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லு."

அப்போதுதான் அந்தப் பினாங்குக்காரம்மா வந்தார்.

காலையிலிருந்து தெருவில் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஊர் சுற்ற வந்த தமிழம்மா, தெருமுனையிலிருந்து ஒரு கடை விடாமல் இனிப்பு ருசி பார்த்துக்கொண்டே வருகிறார் என்று. ரஹீமாக்காவிடம் கடல்பாசி வாங்கி, மேலே இருந்த தேங்காய்ப்பால் அடுக்கைத் தனியாக உரித்துத் தின்றார். கீழ் அடுக்கை அப்புறம் தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு எங்கள் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

தட்டைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார்.

வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய முகத்தை எவ்வளவு பார்த்தாலும் அவர்களுக்குத் தீராது.

"ஏம்மா, நல்லா இருக்கா?"

என்னைத்தான் கேட்டார்.

வாயில் ரவை. தொண்டையில் எட்டாம் வகுப்பு.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஓரத்துல கசகசா கருகிப்போச்சு," என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இன்னிக்கு நெருப்பு கூடிப்போச்சு. நடுத்துண்டு கேளுங்க. அது நல்லா இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நடுத்துண்டும் கருகியிருக்கும்.

"தினமும் இங்கதான் சாப்பிடுவியோ?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கடைக்கு இதுதான் முதல் நாள் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தது.

அவர் உதட்டை மடித்துக்கொண்டார். காசைக் கொடுத்து நடுத்துண்டை வாங்கி, கண்ணை மூடிக் கடித்தார். பாங்கு தொடங்கியபோது அவர் வாய் நிறைய ரவை இருந்தது.

மென்று முடித்ததும், மீதியில் பாதியை இலையில் கட்டித் தரச் சொன்னார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அம்மாவிடம், "இந்த வாடிக்கையை மட்டும் விட்டுடாதீங்க," என்றார்.

அவர் போனதும் அம்மா அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பர்மாக்காரர்கள் முதல் விற்பனைக்குச் செய்வதுபோல, தட்டில் இருந்த துண்டுகள் மேலெல்லாம் அதைத் தட்டினாள். அதுவும் போதாதென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கண்டே பிடிக்கலை பாத்தியா? நீ அவ்வளவு உளறியும் அந்தம்மாவுக்குச் சந்தேகமே வரலை."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏறி நின்ற கன்னத்தை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன்.

காலையில் குழாயடியில் அவசர அவசரமாகத் தனக்கா அரைத்து எனக்குப் பூசிவிட்டு, தானும் பூசிக்கொண்டாள். ஈரம் காய்வதற்குள் ஓர் அரசிலையை என் கன்னத்தில் அழுத்தி எடுத்தாள். வேறு இலை பறிக்க நேரமில்லாமல் அதையே தன் கன்னத்திலும் அழுத்திக்கொண்டாள்.

அம்மாவின் கன்னத்தில், நரம்பு நரம்பாக, வால் அறுந்த ஓர் அரசிலை பதிந்திருந்தது.

என் கன்னத்திலும் அதே இலைதான், வால் அறுந்து.

புறங்கையால் கன்னத்தை அழுத்தித் துடைத்தேன்.

தெருமுனையிலிருந்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றேன் அம்மாவிடம், ரஹீமாக்கா திடுக்கிட்டுத் திரும்பும் அளவுக்குச் சத்தமாக, "எனக்கு ஒரு நடுத்துண்டு!"