பழைய சாவி சேரக் கூடாது

அந்த ஆள் காபி ஸ்பூனின் காம்பைச் சாவித் துவாரத்திலிருந்து உருவியதும் வேன் ஒருமுறை குலுங்கி நின்றது. ஜுரேமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தாள்.

நீலமும் வெள்ளையுமாக, நாற்பது வருடம் பழைய கேம்பர் வேன். உள்ளே படுக்கை, குட்டி அடுப்பு, பூப்போட்ட திரை. உபட்டூபா கடற்கரைப் பக்கம் இப்படி ஒரு வண்டியைக் கொத்திக்கொண்டு போக எத்தனையோ பேர் காத்திருப்பார்கள் என்பது பட்டறை நடத்தும் அவளுக்குத் தெரியும்.

"சாவி எங்கே?"

"வீட்ல இருக்கு."

"சாவியை வீட்ல வெச்சுட்டு ஸ்பூனால ஓட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். சவரம் செய்யாத முகம். "சுவிட்ச் தேஞ்சு போச்சும்மா. எதை விட்டுத் திருப்பினாலும் கிளம்பிடுது. புதுசு போடுங்க. பழைய சாவி அதுல சேரவே கூடாது. பன்னிரண்டுக்குள்ள முடிச்சாகணும்."

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"உங்க பேரு?"

"எவால்டோ."

அவன் நீட்டிய வண்டிக் காகிதத்தில் சில்டா மொரேய்ரா என்று இருந்தது. "இது யாரு?"

"எங்கம்மா."

"நல்ல கதைதான். அம்மாவோட வண்டியில அம்மாவோட சாவி சேரக் கூடாதா?"

அவன் தெருவைப் பார்த்தான். வந்ததிலிருந்தே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜுரேமா பேட்டரி வயரைக் கழற்றினாள். ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு, நான்கு திருகாணிகளைக் கழற்றவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். பழைய சுவிட்ச் உள்ளே வழவழவென்று தேய்ந்துதான் போயிருந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. புது சுவிட்சைப் பொருத்தி, வயர்களை மாட்டி, அதன் இரண்டு சாவிகளையும் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு திருகாணி குறையுது. உள்ளே போய் எடுத்துட்டு வர்றேன்."

காகிதத்தின் பின்பக்கம் ஒரு தொலைபேசி எண் கிறுக்கியிருந்ததை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"டோனா சில்டாவா?" என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு கேட்டாள். "உங்க நீல வண்டி எங்க பட்டறையில நிக்குது."

"அப்பாடா!" வயதான குரல், ஆனால் கணீரென்று இருந்தது. "காலையில இருந்து தெருத் தெருவா தேடுறேன். சாவி என் கையிலதான் இருக்கு, வண்டியைக் காணோம்!"

"உங்க மகன்னு சொல்லிட்டு ஒருத்தர் கொண்டுவந்திருக்காரு."

"என் மகனா? அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாதும்மா!"

ஜுரேமா பட்டறை எங்கே இருக்கிறது என்று சொன்னாள். மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருதானே, இதோ வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள் டோனா சில்டா.

ஜுரேமா வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றான் எவால்டோ.

"வண்டியோட சொந்தக்காரங்க வர்றாங்க. அதுவரைக்கும் நீங்க அசையக் கூடாது."

அவன் முகம் வெளுத்தது. ஓடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். "அவங்களை ஏம்மா கூப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டோனா சில்டா ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். எண்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட பாவாடை, உதட்டுச் சாயம், கையில் சாவி.

"டோனா சில்டா, இந்த ஆளைத் தெரியுதா பாருங்க."

கிழவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பார்த்ததே இல்லையே."

அவன் நிமிரவில்லை. இவ்வளவு நேரம் சந்தேகமாக இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது. "எவ்வளவு துணிச்சல் உனக்கு! பெத்த அம்மான்னு வாய் கூசாம சொல்றே!" என்ற ஜுரேமா, போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

அதற்குள் டோனா சில்டா வண்டியில் ஏறி, புது சுவிட்சில் சாவியைச் செருகப் பார்த்தாள். நுழையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி குத்திப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

எவால்டோ எழுந்து போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினான். கிழவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்:

"தம்பி, நீங்களாவது கொஞ்சம் இதைக் கிளப்பிக் குடுங்களேன், பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு, என் எவால்டோ வாசல்ல தனியா நிப்பான்."