புஜபலம்

"இது சதையா, இல்ல காத்தடிச்ச பலூனா?"

என் காதலி மரிவிக்கின் அத்தை கொன்சோலா என் கையைக் கிள்ளிக் கேட்டாள். ஊர்த் திருவிழா விருந்துக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்கில் ஜிம்முக்குப் போய், உப்பில்லாத கோழியைத் தின்று வளர்த்த கை. பெண் கேட்க வருகிறோமே என்று ஒரு சைஸ் குறைந்த சட்டையை வேறு மாட்டிக்கொண்டு மணிலாவிலிருந்து பஸ் ஏறியிருந்தேன்.

மரிவிக்கின் அப்பா இசித்ரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணாடியே கதின்னு கிடக்கிறவனுக்கு எம்பொண்ணா? நடக்காது."

"பரீட்சை வச்சுப் பார்த்துடலாமே அண்ணா!" அத்தை விடவில்லை. "என் கையை மடக்கினான்னா பொண்ணைக் குடு. இல்லேன்னா பன்றி வறுவலைத் தின்னுட்டு பஸ் ஏறட்டும்."

"சரி. மடக்கட்டும், பார்ப்போம்."

"அத்தை, உனக்கு வேற வேலையே இல்லையா?" மரிவிக் அழாத குறை.

அத்தை ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். மேசையில் முழங்கையை ஊன்றினாள். பாவம், பெரியவள், வலிக்காமல் மடக்கலாம் என்று மெல்ல அழுத்தினேன்.

அசையவில்லை.

பல்லைக் கடித்து அழுத்தினேன். சட்டைத் தையல் விட்டதுதான் மிச்சம்.

"என்ன ரோதெல், தூங்கிட்டியா?" என்றாள் அத்தை, மூச்சுகூட வாங்காமல்.

என் கை பின்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. போச்சு, கல்யாணம் போச்சு!

மேசையைத் தொடப்போகிற நேரத்தில் சட்டென்று நின்றது. பிறகு கிடுகிடுவென மேலே ஏறியது. என் தசைக்கு ரோஷம் வந்துவிட்டது! மறுபக்கம் அவள் கையைத் தொப்பென்று சாய்த்தேன்.

"ஐயோ, எலும்பை முறிச்சுட்டானே பாவி!" அத்தை அலறினாள்.

இசித்ரோ எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "பரவாயில்ல மாப்ள, உடம்புல சரக்கு இருக்கு!"

மரிவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும், வெற்றிபெற்ற வீரனுக்குரிய பெருந்தன்மையோடு அத்தையிடம் போனேன். "மன்னிச்சுக்கோங்க அத்தை. கொஞ்சம் பலமா மடக்கிட்டேன். ரொம்ப வலிக்குதா?"

அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வலிக்காம? உன் கை கீழ விழாம புடிச்சுத் தூக்கி நிறுத்தறதுக்குள்ள என் உயிரே போயிடுச்சு! எங்கண்ணனைச் சம்மதிக்க வைக்க எனக்கு வேற வழி தெரியலடா."