இரண்டாம் வரிசைக் குரல்

மேடையில் முப்பது பெண்கள் ஒன்றாய் வாய் திறந்தார்கள். மகேந்திரராஜா காதைத் தீட்டிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். இரண்டாம் வரிசையில் சிவப்புச் சால்வையோடு நிற்கிற மனைவி நகுலேஸ்வரியின் குரல்.

முன்னால் ஒருவர் சந்தூரின் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அரிதட்டுப் போன்ற டஃப் மேளத்தை உயர்த்திப் பிடித்து உலுக்கினார். முதலில் பாரசீகப் பாட்டு, பிறகு குர்திஷ். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தேவாலய மண்டபத்தில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை.

மாதக்கணக்காக இந்தப் பாட்டுகள் அவர்கள் வீட்டுக் குசினியில்தான் வெந்தன. வெங்காயம் வெட்டும்போதும் பாடுவாள், புட்டு அவிக்கும்போதும் பாடுவாள். வாய்க்குப் பூட்டில்லாத மனுசன், போன கிழமை ஒரு பகிடி விட்டுவிட்டார்.

"உம்மை அவையள் சேர்த்தது பாடவோ, ஆள்கணக்குக் காட்டவோ?"

நகுலேஸ்வரி அகப்பையைக் கழுவி வைத்தாள்.

அன்றோடு குசினியில் பாட்டு நின்றது. குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அதற்குள்ளே பாடினாள். சோறு வந்தது, கறி வந்தது, கதை மட்டும் வரவில்லை.

இன்று காலை ஒத்திகைக்குப் புறப்படும்போதுதான் வாய் திறந்தாள்.

"பின்னேரம் வாங்கோ. என்ர குரல் எது எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. சொல்ல ஏலாட்டி, இனி நான் பாட்டுக்குப் போகமாட்டன்."

ஊமைக் குசினியில் ஒரு கிழமை சாப்பிட்டதே அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

"அப்பா, பிடிச்சிட்டியளோ?" பக்கத்திலிருந்த மகள் மிதுசா மெதுவாகக் கேட்டாள்.

"பொறு பிள்ளை."

"தேடுறது குரலைத்தானே? கண்ணை ஏன் இந்தச் சுருக்குச் சுருக்குறியள்?"

முப்பது குரலும் குழைந்த சோறாகக் கிடந்தன. எதைக் கிள்ளி எடுப்பது?

மூன்றாவது பாட்டில், அதுவும் குர்திஷ்தான், அது வந்தது.

ஒரு குரல் மற்றவர்களுக்கு அரை மூச்சு முந்திப் பாய்ந்தது. பால் பொங்க முன்னமே அடுப்பை அணைக்கிற அதே அவசரம். மேலே ஏறும் இடத்தில் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விழவில்லை. நகுலேஸ்வரியின் வாயும் அந்த இடத்தில் அகலத் திறந்தது.

மகேந்திரராஜாவின் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"அதுதான் கொம்மா!" என்றார் மகளிடம், முன்வரிசை முழுதும் திரும்பிப் பார்க்க.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் அவளை மறித்துக்கொண்டு நின்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பாராட்டென்று 'பரவாயில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காத மனுசன், மடை திறந்ததுபோல் கொட்டினார்.

"கண்டுபிடிச்சிட்டன்! அந்தக் குர்திஷ் பாட்டில எல்லாருக்கும் முன்னுக்குப் பாய்ஞ்சது நீர்தானே? எனக்குத் தெரியாதோ? உம்மட குரல் இல்லாட்டி அந்தப் பாட்டே படுத்திருக்கும். நான் அண்டைக்குச் சொன்னது விசர்க் கதை. நாளையில இருந்து குசினியில பாடும். சன்னலைத் திறந்துவிட்டுப் பாடும்."

நகுலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. கண் நிறைந்து நின்றாள். பேச்சு வராத அளவுக்குச் சந்தோசம் என்று அவர் நினைத்தார்.

அதற்குள் பாட்டுக்குழுவை நடத்துகிற பெரிவான் இஞ்சித் தேநீரோடு ஓடிவந்து, கோப்பையை நகுலேஸ்வரியின் கையில் திணித்தாள். பிறகு மகேந்திரராஜாவிடம் ஜெர்மனில் சொன்னாள். மத்தியானமே உங்கள் மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வரிசை குலையக்கூடாது என்று கடைசிப் பாட்டுவரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் போய்ப் பேசவிடாதீர்கள்.

மிதுசா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினாள்.

மகேந்திரராஜா திறந்த வாய் மூடவில்லை.

நகுலேஸ்வரி தேநீரை ஒரு மிடறு குடித்தாள். மற்றக் கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"பிறகு? இன்னும் சொல்லுங்கோ."