முகத்தில் வேண்டாம்

சம்பந்தியம்மா சுப்பம்மா மஞ்சளைக் குழைத்தார். மணப்பெண்ணின் இரண்டு பாதங்களிலும் பூசினார். அறுகம்புல்லால் உச்சியில் எண்ணெய் வைத்தார். முகத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

"மத்தவங்களும் கால்ல மட்டும் வைங்க. மொகத்துல வேணாம்."

நலங்குக்கு வந்திருந்த தோட்டத்து லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணு புடிக்கலயோ?"

"மகன் கிளாக்கராகிட்டாருல்ல. ரப்பர் பால் வெட்டுறவ மகளத் தொட்டா கையில ஒட்டிக்கும்!"

மணப்பெண் பிரேமலதா தலை குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற தங்கை ஷாமிளா எட்டி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்காவின் கன்னங்களில் சிவப்பு நூலிழை மாதிரி மெல்லிய நரம்புகள் வெடித்துக் கிடந்தன. வெள்ளையாக வேண்டுமென்று ருவான்வெல்லை பஜாரில் பேரில்லாத கிறீம் ஒன்றை வாங்கி மாதக்கணக்கில் பூசியதன் பலன். கேகாலை தோல் கிளினிக்கில் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். மெல்ல மெல்ல மங்கும் என்றார். அதுவரைக்கும் பவுடர்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், 'சீக்குக்காரி' என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டால்? மஞ்சள் பூசிவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் ஷாமிளா நம்பியிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

பல்கலைக்கழகக் கம்பஸில் விவாதம் என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்பவள் சும்மா இருப்பாளா?

"ஏங்க அத்தை, எங்க அக்கா மொகத்துக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல புள்ள. எங்க பக்கத்து வழக்கம் அது."

"எந்தப் பக்கம்? போன வருசம் உங்க பெரிய மருமகளுக்கு நெத்தியிலருந்து கழுத்து வரைக்கும் நீங்கதானே தேய்ச்சீங்க? நான் பக்கத்துல நின்னு பார்த்தேனே! போட்டோகூட இருக்கு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது... அப்ப. இப்ப மாத்திட்டோம்."

"வழக்கத்த யாருங்க ஒரு வருசத்துல மாத்துறது? தொடுறதுக்கு உங்களுக்குக் கூசுது. அத நேரா சொல்லுங்க!"

"வேணாம்டி..." பிரேமலதா முனகினாள்.

"நீ பேசாம இரு அக்கா! ஒண்ணு மஞ்சள வைக்கட்டும். இல்லாட்டி எல்லாருக்கும் முன்னால காரணத்தச் சொல்லட்டும்!"

"அந்தப் புள்ள கேக்குறதும் ஞாயந்தானே!" என்றது ஒரு குரல்.

சுப்பம்மா சுற்றிலும் பார்த்தார்.

"ஆமா, எனக்குக் கொஞ்சம் திமிர்தான். கிளாக்கர் அம்மா இல்லயா?" என்றார் சத்தமாக.

பிறகு ஷாமிளாவின் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கி கிளினிக்குல, கால் சொறிக்கு மருந்தெடுக்க உங்களுக்குப் பின் பெஞ்சியில நானும் உக்காந்திருந்தேன். மொகத்தத் தேய்ச்சா இன்னும் வெடிக்கும்னு டாக்டர் சிங்களத்துல போட்ட சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. கல்யாண அவசரத்துல நீங்க மறந்துட்டீங்க, நான் மறக்கல. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் ஒரு பொய்யச் சொன்னா, காரணத்தச் சொல்லு, காரணத்தச் சொல்லுன்னு நிக்கிறியே... மறைக்கிறதுதான் மறைக்கிற, அந்த வாயையும் கொஞ்சம் மூடிக்கிட்டு மறைக்கக் கூடாதா புள்ள?"