பேர் சொன்னவள்

"வாயத் தெறந்து சொல்லு பிள்ளே! இவன் ஒன்னக் கெட்டினவனா, இல்லியா?"

நீலம்மை வாயைத் திறக்கவில்லை. அம்மன் கோவில் புளியமரத்தடியில் கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள். பெண்டாட்டிதான், வேறென்ன?

ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற முதலடி பகவதியப்பனுக்கும் அப்படித்தான் பட்டது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் கிடையாது. அவர்களுக்காக அப்பனோ அண்ணனோ பேச வேண்டும். நீலம்மைக்கு இரண்டு பேருமே இல்லை; அதனால்தான் அவளையே கேட்க வேண்டியதாயிற்று. தாயும் போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு சின்னத் தென்னந்தோப்பும், இடது கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பும்தான்.

தோப்பு அவள் பெயருக்கு வந்த மறுமாதமே குலசேகரத்திலிருந்து குமாரதாஸ் வந்து குதித்தான்.

"கொல்லம் தொண்ணூத்தெட்டாமாண்டு மாசிக் கொடையில, மண்டைக்காட்டுல வச்சு இவளுக்கு நாந்தான் தாலி கெட்டினேன். கூட நின்ன எங்க மாமன் செத்துப்போயிட்டாரு. தாலியக் கழத்தி எறிஞ்சிட்டுப் பெத்த தள்ளையோட இந்த ஊருக்கு ஓடி வந்துட்டா. எனக்க பெண்டாட்டிய எங்கூட அனுப்பும் முதலடி!"

ஆமென்று தீர்ப்பானால் இன்று சாயங்காலமே அவள் அவன் பின்னால் போக வேண்டும். தோப்பும் கூடப் போகும்.

பகவதியப்பன் பதறவில்லை. சாட்சி இல்லாத வழக்குக்கென்றே அவர் கைவசம் ஒரு சோதனை இருந்தது. பிராது வந்த அன்றைக்கே, சாப்பிடும்போது மனைவி தாணம்மாளிடம் அதை விளக்கமாகச் சொல்லியிருந்தார். அவள் கேட்டாளா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்று நாளாக அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் சோறு ஆறின பிறகுதான் திரும்புகிறாள் என்பது மட்டும்தான் அவருக்கு மனக்குறை.

தொண்டையைக் கனைத்தார். "செரி. ஆமாண்ணும் சொல்லாண்டாம், இல்லண்ணும் சொல்லாண்டாம். நிக்கானே, இவனுக்க பேரு என்ன? அத மட்டும் சொல்லு."

கூட்டம் ரசித்துச் சிரித்தது. கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். குமாரதாஸ் அப்போதே ஜெயித்துவிட்டவனாக மீசையைத் தடவினான்.

நீலம்மை ஒரு தடவை மதில் பக்கம் பார்த்தாள். அங்கேதான் ஊர்ப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னாள்.

"குமாரதாசு. குமாரதாசு. குமாரதாசு."

குமாரதாஸின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"இது சூது முதலடி! இவ சொல்ல மாட்டா! எனக்குத் தெரியும், சொல்லவே மாட்டா!"

"சொல்லிட்டாளேலே! ஒரு தடவையா, மூணு தடவ! கெட்டினவன் பேரச் சொல்ல எந்தப் பொம்பளைக்காவது நாக்கு எழும்புமா? ஆளு தெரியாம வந்து மோதுதியோ? இருட்டுக்க முன்ன ஊர் எல்லையத் தாண்டிரணும்."

கூட்டம் கலைந்தது. போகிற வழியெல்லாம் முதலடியின் புத்தியைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்த பிறகும் அவருக்குப் பெருமை அடங்கவில்லை. "ஏட்டி, பாத்தியா நம்ம சோதனைய? கெட்டினவ பேரச் சொல்ல மாட்டா. கழுத்துல அருவாள வச்சாலும் சொல்ல மாட்டா. அது பொம்பளைக்க ரெத்தத்துல உள்ளதாக்கும்."

தாணம்மாள் தீயல் சட்டியோடு வந்து நின்றாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"ரெத்தத்துல ஒண்ணும் இல்ல. கையில சூடு வச்சவன்னாலும், கெட்டினவன் பேரச் சொல்ல அவளுக்கும் மொதல்ல நாக்கு எழும்பல்லதான். மூணு நாளு ஆத்துல நின்னு ரெண்டு பேருமாச் சொல்லிச் சொல்லிப் படிச்சோம்."

பிசைந்த சோற்றோடு கை அப்படியே நிற்க, பகவதியப்பன் முதல்முறையாக மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தீயல் ஊத்தட்டா, பகவதியப்பா?"